2,30,000 கி.மீ. ஓடிய டீசல் டிசையர்: என்ஜினைப் பிரிக்கலாமா?

கேள்வி இதுதான். 2013 மாடல் டிசையர் டீசல், மீட்டரில் 2,30,000 கி.மீ. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு ஆயில் குறைகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகை. ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி வருகிறது. மெக்கானிக் “பேக் கம்ப்ரஷன் வந்துடுச்சு, ரிங் போயிடுச்சு, ஃபுல் என்ஜின் வேலை பார்க்கணும்” என்று 85,000 ரூபாய் கேட்கிறார். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்; அது தேய்ந்து, அமுக்கிய காற்று கீழே கசிவதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள்.) செய்வதா, வண்டியை விற்றுவிடுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மீட்டர், ஆயில் குறைவு, புகை, ஆவி என்று நான்கு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். இதில் ஒன்றுகூட என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதற்குச் சாட்சி ஆகாது. இதுவரை யாரும் ஒரு அளவுகூட எடுக்கவில்லை. பிரிக்கும் முன் கையில் நான்கு எண்கள் இருக்க வேண்டும்: ஆயில் உண்மையில் எவ்வளவு குறைகிறது, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) எவ்வளவு, அமுக்கிய காற்று எந்த வழியாக எத்தனை சதவீதம் கசிகிறது, சூடான என்ஜினில் ஆயில் பிரஷர் எவ்வளவு. “அண்ணே, கம்ப்ரஷன் எத்தனை பார் காட்டுச்சு?” என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். எண் சொல்லாமல் “அதெல்லாம் சத்தத்திலேயே தெரியும்” என்றால், வேறு கையில் ஒருமுறை காட்டுவது நல்லது.

இந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம். ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட், 1248 சிசி, நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் குறுக்களவு) 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 82 மி.மீ. ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் இதே குடும்பம்தான். நம் ஊர் டாக்சிகளில் இது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்பது ஸ்டாண்டில் நிற்கும் யாரைக் கேட்டாலும் தெரியும். நேரத்துக்கு ஆயில் மாற்றிய என்ஜினுக்கு 2,30,000 என்பது கடைசிக் காலம் அல்ல. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஆயில் கொள்ளளவே சுமார் 3 லிட்டர்தான். முக்கால் லிட்டர் போனால் நான்கில் ஒரு பங்கு போயிற்று. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இயங்குவது ஆயில் பிரஷரில். லெவல் கீழே போய், பம்ப் காற்றை உறிஞ்சினால் டென்ஷனர் தளர்கிறது, செயின் ஒரு பல் தாண்டுகிறது, வால்வுகள் பிஸ்டனில் அடிக்கின்றன, ராக்கர்கள் உடைகின்றன. இந்த என்ஜினில் பெரிய செலவு வந்த பல வண்டிகளின் கதை இதுதான். ரிங் தேய்ந்ததைவிட, தேய்ந்த ரிங்கோடு டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் ஓட்டியதுதான் அவற்றை முடித்தது.

முதலில் ஆயில் குறைவைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல் கோடு வரை ஊற்றி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. கழித்து அதே இடத்தில், அதே மாதிரி பார்த்து, அளவுக் குவளையால் மேல் கோடு வரை நிரப்புங்கள். எத்தனை மில்லி போயிற்றோ அதுதான் கணக்கு. பாதியில் 500 கி.மீ.யில் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது கட்டாயம். ‘கொஞ்சம் கொஞ்சமாக டாப்அப் செய்தேன், மொத்தம் இவ்வளவு இருக்கும்’ என்ற குத்துமதிப்பில் முக்கால் லிட்டர் என்பது அரை லிட்டராகவும் இருக்கலாம், ஒன்றேகாலாகவும் இருக்கலாம். பழைய என்ஜினில் 1,000 கி.மீ.க்கு 300-400 மில்லி என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. பல கம்பெனிகள் ஒரு லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்றே எழுதி வைத்திருக்கின்றன. உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

லெவல் குறையாமல் ஏறினால் அது வேறு கதை, ஆபத்தும் கூட. டீசல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக் நுனியை விரலால் தேய்த்து முகர்ந்தால் தெரியும். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் இன்ஜெக்டரையும் ஹை பிரஷர் பம்பையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஆயில் வெளியே ஒழுகுகிறதா என்பது. டைமிங் கவர், கிராங்க் ஆயில் சீல், ஃபில்டர் ஹவுசிங், டர்போவுக்குப் போகும் குழாய். என்ஜினை வாட்டர் வாஷ் செய்து, 200 கி.மீ. ஓட்டி, கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும்போது மட்டும் ஒழுகி, காற்றில் பறந்து, நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுகூட விழாத கசிவு நிறைய உண்டு.

இனி அந்த ‘பேக் கம்ப்ரஷன்’. ஆயில் மூடியைத் திறந்து ஆவியைக் காட்டி என்ஜின் வேலைக்கு ஆளைச் சம்மதிக்க வைப்பது நம் ஊரில் பழைய பழக்கம். எந்த டீசல் என்ஜினிலும், புதியதிலும்கூட, ரிங் இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று கீழே இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்றத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அது டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் சேர்கிறது. பிரீதரும் அதிலுள்ள ஆயில் பிரிப்பானும் கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், நல்ல என்ஜினிலும் உள்ளே அழுத்தம் ஏறும், மூடியைத் திறந்தால் புகை மாதிரி ஆவி பீறிடும், டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் சீல்கள் வழியாகவும் ஆயில் வெளியே தள்ளப்படும். ஆகவே முதல் வேலை பிரீதர் குழாயைக் கழற்றி, சுத்தம் செய்து, ஊதிப் பார்ப்பது. பிறகு ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திருகாமல் வாயில் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பயமில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் மேற்கொண்டு சோதிக்கக் காரணம் இருக்கிறது. இதுவும் ஒரு சைகைதான், தீர்ப்பு அல்ல.

பிரீதருக்கு அடுத்த சந்தேகம் டர்போ. இந்த வயதில் ஆயில் குடிப்பது ரிங்கா டர்போவா என்று பிரித்தறியாமல் என்ஜினைப் போர் பண்ணிவிட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு), அதே புகையோடு வண்டியைத் திரும்ப எடுத்துவந்தவர்கள் உண்டு. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு, அது பிரீதர் வழியாக வந்தது. குழாயின் தாழ்வான இடத்தில் ஆயில் தேங்கி நின்று, சாய்த்தால் கொட்டுகிறது என்றால் டர்போவின் காற்றுப் பக்க சீலைச் சந்தேகிக்கலாம். என்ஜின் ஆறியபின் டர்போவின் நடுத்தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது, இறக்கை உடலில் உரசவும் கூடாது. டர்போவே நன்றாக இருந்தும் அது ஆயில் தள்ள இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அடைத்துப்போன ஏர் ஃபில்டர். டர்போ காற்றுக்குத் திணறும்போது சீல் வழியாக ஆயிலை இழுக்கும். இன்னொன்று, டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயில் கசடு, அல்லது என்ஜின் உள் அழுத்தம் ஏறியதால் அந்த ஆயில் கீழே இறங்க முடியாத நிலை. பிரீதரை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகைக்கு வருவோம். காலைப் புகை என்கிறீர்கள். என்ன நிறம், என்ன வாசனை என்று சொல்லவில்லை. டீசல் வாசனையோடு கண் எரிகிற வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் அடங்கினால், அது எரியாத டீசல். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் செத்திருக்கலாம். பிளக்கின் வயரைக் கழற்றி, முனைக்கும் பாடிக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஒரு ஓம் அக்கம்பக்கம் இருந்தால் நல்லது, மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் பிளக் போய்விட்டது. சொட்டும் இன்ஜெக்டரும் இதே புகையைத் தரும். நீலம் கலந்த சாம்பல் நிறம், கருகிய ஆயில் வாடை என்றால் ஆயில் எரிகிறது. அது ராத்திரி நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ஸ்டெம் சீல் வழியாக இறங்கிய ஆயிலாக இருக்கலாம். மேட்டில் இழுக்கும்போது, பாரம் ஏற்றியபோது நீலமாக வந்தால் ரிங் அல்லது டர்போ. நிற்காமல் வரும் வெள்ளைப் புகை, கூடவே ரேடியேட்டர் கூலன்ட் குறைவு என்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு). கறுப்புப் புகைக்கும் ரிங்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. கிழிந்த டர்போ ஹோஸ், அடைத்த இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் வால்வு), இன்ஜெக்டர், அழுக்கான காற்றளவு சென்சார் என்று அதன் வழி வேறு.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வித்தியாசம் கவனிக்கவும். ‘இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் நீலப் புகை வருகிறதா’ என்று பார்ப்பது பெட்ரோலுக்கான சோதனை. அங்கே திராட்டில் மூடும்போது மேனிஃபோல்டில் பலத்த வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த வால்வு கைடு வழியாக ஆயிலை இழுக்கும். டீசலில் அவ்வளவு வெற்றிடம் கிடையாது என்பதால் அந்தச் சோதனை எதையும் காட்டாமல் போகலாம்.

கம்ப்ரஷன் சோதனைதான் நடுநாயகம். டீசலுக்குப் பெட்ரோல் கேஜ் உதவாது. குறைந்தது 60-70 பார் வரை காட்டும் கேஜ், குளோ பிளக் துளைக்குப் பொருந்தும் அடாப்டர் இரண்டும் வேண்டும். குளோ பிளக்கைக் கழற்றுவதுதான் இதில் ஆபத்தான கட்டம். பத்து வருடம் கார்பனில் இறுகி உட்கார்ந்த மெல்லிய பிளக். முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து உள்ளே நின்றுகொள்ளும், பிறகு அதற்கே ஹெட்டை இறக்க வேண்டிவரும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, மறுநாள் என்ஜின் சூடாக இருக்கும்போது, சிறிய ராட்செட்டால் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். அவசரப்படும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி டீசல் போகாமல் செய்துவிட்டு, நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்ஃப் அடித்து ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். முள் எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் அடியில் குறைவாகக் காட்டி, அடுத்தடுத்த அடிகளில் படிப்படியாக ஏறினால் கசிவு ரிங்கில். முதல் அடியிலேயே குறைவு, பிறகும் அங்கேயே நிற்கிறது என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்தாற்போல் படுத்துவிட்டால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

காமன்ரெயில் டீசல்களில் பொதுவாக 25 முதல் 32 பார் வரை வரும். துல்லியமான கீழ் எல்லைக்கு அந்தந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல்தான் பிரமாணம். நான்கும் 24, 25 என்று குறைவாக, ஆனால் ஒன்றுபோல இருப்பது, மூன்று 28 காட்டி ஒன்று மட்டும் 19 காட்டுவதைவிட நல்ல சேதி. முதலாவது சீரான தேய்மானம், இன்னும் ஓடும். இரண்டாவதில் அந்த ஒரு சிலிண்டரில் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது. 3-4 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். பெட்ரோல் என்ஜின்களில் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங் என்று சொல்வார்கள். டீசலில் அதைச் செய்யக் கூடாது. பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் அவ்வளவு சிறியது, ஊற்றிய ஆயிலே எண்ணை ஏற்றிக் காட்டும், அழுத்தத்தில் பற்றிக்கொள்ளவும் கூடும்.

கம்ப்ரஷன் கேஜிடம் ஒரு குறை உண்டு. பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்கும் அழுத்தத்தைக் காக்கின்றன. மூன்றாவதான ஆயில் ரிங்கின் வேலை சுவரில் மிஞ்சிய ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது மட்டும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் இந்த மூன்றாவது ரிங்கின் துளைகளில் கார்பன் அடைத்து, ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது கம்ப்ரஷன் அருமையாக இருக்கும், ஆயிலும் கணக்கில்லாமல் போகும். ஆகவே கம்ப்ரஷன் நன்றாக வந்து, டர்போவும் பிரீதரும் சுத்தம் என்று தெரிந்தால், ஒட்டிய ஆயில் ரிங், ஸ்டெம் சீல் இரண்டும்தான் மிச்சம். தேய்ந்த ரிங்கை எந்த மருந்தும் வளர்க்காது, ஆனால் ஒட்டிய ரிங்கை இளக்க முயற்சி செய்து பார்க்கலாம். மேனுவல் சொல்லும் தரத்தில் நல்ல சின்தெடிக் ஆயில் போட்டு, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை என்று அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை ஃபில்டரோடு மாற்றிப் பாருங்கள். குறையும் அளவு இறங்குகிறதா என்று கணக்கு வையுங்கள். ஃபிளஷ் மருந்து ஊற்றும் முன் ஆயில் மூடிக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே தார் மாதிரி கசடு அடை அடையாக இருந்தால் ஃபிளஷ் வேண்டவே வேண்டாம். பெயர்ந்த கசடு நேரே பம்பின் ஸ்ட்ரெய்னரில் (சல்லடையில்) போய் அடைத்து, இருக்கும் பேரிங்கையும் கெடுக்கும். அந்த நிலையில் ஆயில் சம்பை (என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டை) இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழுவிப் போடுவதே சரியான வேலை.

கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டருக்கு லீக்டவுன் சோதனை செய்தால் சந்தேகம் தீரும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, இரண்டு கேஜ் உள்ள கருவி வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுக்கிறார்கள். எத்தனை சதவீதம் கசிகிறது என்பதை இரண்டாவது கேஜ் காட்டும். 10க்குள் என்றால் நல்ல என்ஜின், 20 வரை வயதுக்கு ஏற்றது, 30ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. எங்கே கசிகிறது என்பதைக் காதே சொல்லிவிடும்: சைலன்சரில் இரைச்சல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். வால்வு பக்கம் மட்டும் கசிவு என்றால் ஹெட்டை இறக்கி சீட் கட்டிங், லேப்பிங், ஸ்டெம் சீல் பார்த்தால் போதும். கீழ்ப் பாதியைத் தொட வேண்டியதில்லை, செலவும் பாதிக்குக் கீழே வந்துவிடும்.

மற்ற எதிலும் தயங்கலாம், ஆயில் பிரஷரில் தயங்கக் கூடாது. டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லை என்பது ஆறுதலே இல்லை. அந்தச் சுவிட்ச் பொதுவாக அரை பாருக்குக் கீழே போனால்தான் விளக்கைப் போடும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடாக்கிப் பாருங்கள். ஐடிலிங்கில் ஒரு பார் பக்கம், 3,000 ஆர்பிஎம்மில் 3 பாருக்கு மேல் வந்தால் பேரிங்குகள் நிம்மதியாக இருக்கின்றன. சூட்டில் ஐடிலிங் பிரஷர் 0.5 பாருக்கு இறங்கினால், பேரிங் என்று முடிவு கட்டும் முன் சம்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள், ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதா பாருங்கள், பம்பின் ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கிறதா பாருங்கள். சம்ப் கீழே இருக்கும்போதே ஒரு பிக் எண்ட் கேப்பை (கனெக்டிங் ராடின் கீழ்முனை மூடியை)க் கழற்றி பேரிங்கைப் பார்ப்பது கூடுதல் செலவில்லாத காரியம். ஒரே மாதிரி மங்கிய சாம்பல் நிறம் நல்லது. கோடு விழுந்து, அடியிலிருக்கும் செம்பு நிறம் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: பிரஷர் குறைவை மறைக்க 20டபிள்யூ-50 மாதிரி தடி ஆயில் ஊற்றும் வைத்தியத்தை இந்த என்ஜினில் செய்யாதீர்கள். காலைக் குளிரில் அது டர்போவுக்கும் செயின் டென்ஷனருக்கும் போய்ச் சேரத் தாமதமாகும், சேதம் அங்கே நடக்கும்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. ஸ்டார்ட் செய்த உடன் சில விநாடி சலசலவென்று சங்கிலிச் சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது அல்லது டென்ஷனர் சோர்ந்திருக்கிறது. என்ஜினைப் பிரிக்காமலே செயின் கிட் மாற்றலாம், தள்ளிப் போடக் கூடாத வேலை. குளிரில் டொக்டொக் கேட்டு, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் ஆட்டம். அதோடு நெடுநாள் ஓட்டலாம். அடிவயிற்றிலிருந்து வரும் கனமான தட்டல், 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டி மிதிக்கும்போது பலமாகிறது, ஒரு குறிப்பிட்ட இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் குறைகிறது என்றால் அந்த சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங். அந்த நிமிடமே என்ஜினை அணைத்து, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் கிராங்க் போகும், ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரவும் கூடும்.

இழுவை இல்லை என்பதும் என்ஜின் வேலைக்குக் காரணமாகச் சொல்லப்படும். நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள். இஜிஆர் வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் சேரும் கரி, தேய்ந்த கிளட்ச், வெடித்த டர்போ ஹோஸ், அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ரிட்டர்ன் அதிகமான இன்ஜெக்டர் எல்லாமே ‘என்ஜின் செத்துவிட்டது’ என்ற உணர்வைத் தரும். இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் சோதனை எளிது: நான்கு ரிட்டர்ன் குழாயையும் நான்கு சிறு புட்டியில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டினால், கெட்டதன் புட்டியில் மற்றவற்றைவிட மளமளவென்று டீசல் ஏறியிருக்கும். இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் ‘சுக் சுக்’ என்று சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றிக் கெட்டித் தார் மாதிரி கறுப்பாகப் படியும். கேட்பவருக்கு ஏதோ பயங்கரம் போலத் தோன்றும், மாற்ற வேண்டியதோ ஒரு சிறு வாஷர்.

இனி உங்கள் வண்டிக்கு முடிவு. பிரீதர், ஏர் ஃபில்டர், டர்போ பார்த்தாயிற்று, கம்ப்ரஷன் நான்கிலும் சீராக 24-25க்கு மேல், சூட்டில் ஆயில் பிரஷர் ஒரு பார், தட்டல் இல்லை. அப்போதும் முக்கால் லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிக்காதீர்கள். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் ஆண்டுக்கு 9 லிட்டர். லிட்டர் 500 ரூபாய் என்று போட்டாலும் 4,500 ரூபாய். இதற்கு 85,000 ரூபாய் செலவழிப்பது கணக்கில் நிற்காது. டிக்கியில் ஒரு லிட்டர் கேன், 500 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக், இவ்வளவுதான். வீட்டில் இன்னொருவர் வண்டியை ஓட்டுகிறார், அவர் பானெட்டையே திறக்க மாட்டார் என்றால் மட்டும் யோசியுங்கள். மேலே சொன்ன செயின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாறாக, ஒன்றோ இரண்டோ சிலிண்டர் 20க்குக் கீழே, கசிவு ஆயில் மூடி வழியாக 30 சதவீதத்துக்கு மேல், ஆயில் ஒரு லிட்டரைத் தாண்டுகிறது, காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கிறது என்று இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் என்ஜின் வேலை நியாயம். சூட்டில் பிரஷர் இல்லை, ஸ்ட்ரெய்னரும் பம்பும் காரணம் இல்லை என்றால் அந்த ஒன்றே போதும், நாள் தள்ள வேண்டாம். அப்போதும் வண்டியின் இன்றைய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். தனியார் கார் பதிவு 15 ஆண்டு என்பதால் உங்களுடையது 2028இல் புதுப்பிக்க வேண்டியது. அதற்கு முன் வண்டியை மாற்றும் எண்ணம் இருந்தால் என்ஜினில் போடும் பணம் விற்பனையில் திரும்பாது. பாடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ் சரி, இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருப்பேன் என்றால் செய்யலாம்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய பழைய என்ஜின் வாங்கிப் பொருத்தும் வழியும் உண்டு. அதன் கிலோமீட்டர் யாருக்கும் தெரியாது, இதே நான்கு அளவையும் அதற்கும் எடுக்க வேண்டும். என்ஜின் நம்பர் மாறுவதால் பில், எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆதாரம், ஆர்டிஓ அனுமதி, ஆர்சியில் திருத்தம் எல்லாம் தேவை. இல்லாவிட்டால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் மாட்டிக்கொள்வீர்கள். அவ்வளவு அலைச்சலுக்கு அது பெரும்பாலும் தகுதியில்லை.

பிரிப்பது என்று முடிவானால், ‘ரிங் மட்டும் மாத்திடலாம், கம்மியில முடிஞ்சிடும்’ என்பதற்குத் தலையாட்டும் முன் போரை அளக்கச் சொல்லுங்கள். ஹெட்டை எடுத்ததும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை இழுத்துப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி தடுக்கினால் சுவர் தேய்ந்திருக்கிறது. தேய்ந்து நீள்வட்டமான போரில் வட்டமான புது ரிங் சரியாக உட்காராது. மேல் ரிங் அந்தப் படியில் இடித்து உடையவும் செய்யும். போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில், ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு எடுக்க வேண்டும். அதை எழுதி வாங்குங்கள். வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருந்து, பழைய ஹோனிங் கோடுகளும் (தேய்ப்புக்கல் இட்ட நுண்கோடுகள்) தெரிந்தால் லேசாக ஹோன் செய்து ரிங், பேரிங் போடலாம். 0.1ஐ நெருங்கினால் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன். பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத்தான் லேத்தில் போர் பண்ண வேண்டும். பெட்டியில் போட்ட அளவை நம்பிப் போர் பண்ணுவது தப்பு.

ஹோன் செய்த சிலிண்டரைக் கழுவுவதில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தேய்ப்புக்கல் தூளை வெளியே எடுக்காது, கோடுகளுக்குள்ளேயே படிய வைக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஏறாமல் சுத்தமாக வரும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். இதைத் தவிர்த்தால் அந்தத் தூளே புது ரிங்கைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும்.

எஸ்டிமேட்டில் இவை தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள்: மெயின், பிக் எண்ட் பேரிங்; டைமிங் செயின் கிட் முழுவதும், அதாவது செயின், டென்ஷனர், கைடு, பற்சக்கரம்; ஆயில் பம்ப்; புது ஹெட் போல்ட், ஏனென்றால் நீட்டி இறுக்கும் வகை போல்ட்டை இரண்டாம் முறை போடக் கூடாது; ஹெட் ஃபேசிங்; ஸ்டெம் சீல்; டர்போ ஆயில் குழாய்; கூலன்ட். பல டீசல் என்ஜின்களில் ஹெட் கேஸ்கெட் இரண்டு மூன்று தடிப்பில் வரும். பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் அளந்துதான் தடிப்பைத் தேர்வார்கள். உங்கள் ஆளிடம் டயல் கேஜ் இருக்கிறதா, கேம்ஷாஃப்டையும் கிராங்கையும் பூட்டும் டூல் செட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பற்சக்கரத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து டைமிங் கட்டுகிறேன் என்பவரிடம் இந்த என்ஜினைக் கொடுக்காதீர்கள்.

கட்டி முடித்ததும் நேரே ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, கேஜில் ஆயில் பிரஷர் ஏறும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்து, பிறகுதான் ஸ்டார்ட். ஐடிலிங்கில் மணிக்கணக்காக ஓடவிட்டு ‘ரன்னிங்’ பார்ப்பது பழைய பழக்கம், புது ரிங்குக்கு அது கெடுதல். சுமையின் அழுத்தம் இருந்தால்தான் ரிங் சுவரோடு படியும். முதல் 1,000 கி.மீ. ஏசி போட்டு, கியர் மாற்றி மாற்றி, 1,500-3,000 ஆர்பிஎம்முக்குள் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட பைபாஸ் ஓட்டமும் டாப் கியரில் மேடேற்றமும் வேண்டாம். 500 கி.மீ.யில் முதல் முறை, 1,500இல் இரண்டாம் முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இரண்டு முறையும் பழைய ஃபில்டரின் காகிதத்தை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள், ஒரு காந்தத்தையும் ஓட்டுங்கள். முதல் முறை நுண்ணிய மினுமினுப்பு இருப்பது சகஜம். இரண்டாம் முறையும் மினுமினுத்தால், காந்தத்தில் ஒட்டுவது ரிங், சிலிண்டர் பக்கத்து இரும்பு, ஒட்டாத வெள்ளிச் செதில் பிஸ்டன் அல்லது பேரிங். அந்தக் காகிதத்தோடு அதே கடைக்குப் போங்கள். வாரண்டியை முன்கூட்டியே பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.